நான் எடுத்துக் கொடுத்த பெயர்

போன மாதம் மன்னார்புரத்தில் நீங்கள் எல்லோரும் கூடிப் பாட்டும் பியானோவும் பயிற்சி செய்யும் மாடி அறைக்கு என்னை அழைத்திருந்தீர்கள். மூத்த ஆள், வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும் என்ற மரியாதை. சமோசா கொடுத்தீர்கள், டீ கொடுத்தீர்கள், பியானோவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். அப்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள்.

"மிஸ், அந்த ஆஸ்பத்திரிப் பாட்டுல ‘க்யூ நிக்குதும்மா’ன்னு பியானோலேருந்தே ஒரு போடு போட்டீங்களாமே! அந்த டைமிங் எப்படி மிஸ் வந்துச்சு? டிசம்பர் புரோகிராம்ல நாங்களும் அதையே வெச்சிருக்கோம்."

எல்லோரும் கை தட்டினீர்கள். நான் முழங்கால் வலி என்று சொல்லி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்திருந்தால் உங்கள் முன்னால் அழுதிருப்பேன். சமோசா சாப்பிட்டுக்கொண்டே அழுகிற கிழவியாக உங்கள் நினைவில் தங்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் எழுதுகிறேன். பாடுகிறவர்களுக்குப் பியானோ வாசிக்க வந்திருக்கிறீர்கள். பாராட்டு எப்படி வாங்குவது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். கை தட்டல் வாங்கிய இடத்திலேயே கூனிக் குறுகிப்போன கதையை நான்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம். நான் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். சர்ச்சில் பியானோ கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மியூசிக் மிஸ் ஆகி, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலை சோறு போட்டது. சனி ஞாயிறுகளில் நான் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் ஊரில் தமிழில் பாட்டுகள் எழுதி, தானே மெட்டும் போட்டுவந்தார். தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்பார். ஆகவே இங்கேயும் அவர் வெறும் சார்தான்.

ஒரு குரல், ஒரு பியானோ, வேறு பக்கவாத்தியம் கிடையாது. பாடுகிறவர் நின்ற இடத்திலேயே வேறு ஆளாக மாறுவார். பஸ் கண்டக்டர், பெண் பார்க்க வந்த வீட்டில் பஜ்ஜி பிடிக்காத மாப்பிள்ளை, ரிட்டயர் ஆன மறுநாளும் ஷிப்டுக்குக் கிளம்பிவிடும் தொழிலாளி. கதை சொல்லி, சிரிக்கவைத்து, கடைசியில் எங்கேயாவது தைத்துவிட்டுப் போகும் பாட்டுகள். வெளிநாட்டு ஊர்களில் சின்ன மேடைகளில் பாடும் காபரே பாட்டுகளைக் கேட்டுத்தான் சாருக்கு அந்த ஆசை வந்ததாம். முதல் நோட்டீஸில் ‘காபரே பாணியில்’ என்று போட்டுவிட்டார். ஹால் செகரட்டரி எனக்குப் போன் செய்தார்.

"மேடம், டிரெஸ்ஸெல்லாம் எப்படிங்க இருக்கும்? ஃபேமிலியா வருவாங்க, அதுக்குத்தான் கேக்குறேன்."

"நான் காட்டன் புடவைங்க. பாடுறவர் கணக்கு வாத்தியார், எட்டு முழ வேட்டி," என்றேன்.

"அப்படிங்களா," என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அடுத்த நோட்டீஸிலிருந்து ‘நாடகப் பாட்டு’ என்று மாற்றிக்கொண்டோம்.

அந்தக் கணக்கு வாத்தியார் எடமலைப்பட்டி புதூர்க்காரர். அருமையான குரல், ஓட்டை ஞாபகம். நாடகத்தில் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் நிற்பார் அல்லவா, நமக்கு அப்படி யாரும் இல்லை. பியானோக்காரர்தான் அந்த ஆள். ஒருநாள் கண்டக்டர் பாட்டில் பாதியில் வாத்தியாருக்கு வார்த்தை போயிற்று. திரும்பி என்னைப் பார்த்து விழித்தார். என் கை அடித்த இடத்தையே திரும்ப அடித்துக்கொண்டிருக்க, வாய் தானாகத் திறந்தது. "கண்டக்டர், ஜங்ஷனுக்கு ஒரு டிக்கெட் குடுங்க!" என்றேன். அடுத்த வரி டிக்கெட்டில்தான் தொடங்கும். வாத்தியார் பிடித்துக்கொண்டார். அதுவும் பாட்டில் இருப்பதுதான் என்று சபை நினைத்துச் சிரித்தது.

அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அதையே பலமுறை சொன்னேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். எங்களுடையது காதல் கல்யாணம், கல்லூரி நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும். அந்த டிக்கெட்டுக்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மேடையில் யார் எங்கே தடுக்கினாலும் நான் தூக்கிவிடுவேன் என்ற எண்ணம். யாராவது தடுக்கமாட்டார்களா என்று காத்திருக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் வேதவல்லி எங்களிடம் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், சித்திரை வீதியில் வீடு. பேங்கில் வேலை. கோயிலோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வைஷ்ணவக் குடும்பம். சின்ன வயதில் பாட்டு கற்றவர், கல்யாணத்துக்குப் பிறகு பூஜை அறையைத் தாண்டிப் பாடியதில்லை. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமியாரும் அவரும் மட்டும்தான் வீட்டில். எங்கள் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, சாரிடம் வந்து கேட்டாராம்.

"ஆம்படையான் பேரைச் சொல்ல முடியாம ஒருத்தி தவிக்கறா மாதிரி ஒரு பாட்டு பண்ணித் தருவேளா? ஆஸ்பத்திரியில நடக்கறாப்பல இருக்கட்டும்."

சாருக்குக் கொண்டாட்டம். ஒரு வாரத்தில் பாட்டு தயார். அதுதான் இன்று நீங்கள் பழகும் பாட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டுக் கவுண்டரில் ஒரு மாமி நிற்கிறாள். கணவரை உள்ளே சேர்த்திருக்கிறார்கள். கவுண்டர்க்காரர் நோயாளியின் பெயரைக் கேட்கிறார். மாமி வாயால் சொல்லமாட்டாள், ஜாடை காட்டுகிறாள். குழல் ஊதுபவர், மாடு மேய்த்தவர், வெண்ணெய்க்குப் பேர் போனவர். கண்ணனா என்கிறார், முரளியா என்கிறார், கவுண்டர்க்காரருக்குப் பைத்தியம் பிடிக்கிறது. கவுண்டர்க்காரர், மாமி இருவரையும் வேதவல்லியே மாறிமாறிப் பாடுவார். பேங்க் கவுண்டரில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார், அந்த எரிச்சல் குரல் அப்படியே வரும். பழகும்போதே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

கடைசிச் சரணத்தில் பாட்டு திரும்பும். உள்ளேயிருந்து நர்ஸ் ஓடிவந்து, அவர் கண் திறக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், காது கேட்கும் என்பாள். மாமி கட்டிலருகே போய் நிற்பாள். பியானோ நின்றுவிடும். பிறகு அந்தப் பெயர், முதல் தடவையாக, வாய்விட்டு. கோபாலன். அதோடு பாட்டு முடிந்தது. பெயருக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று நான் சாரைக் கேட்டேன்.

"பாடுறவங்க இஷ்டம். நீங்க கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருங்க, போதும்," என்றார்.

பழகும்போதெல்லாம் வேதவல்லி சின்னதாகத்தான் நிறுத்துவார். மூச்சு ஒன்று வாங்கிவிட்டு, கோபாலன் என்று முடித்துவிடுவார். எனக்கு அது ஒரு வேடிக்கைப் பாட்டு. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் என்றால் என் வீட்டில் கிண்டல். அதற்குள் வேறு என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. கணவரை இழந்த ஒரு பெண் ஆஸ்பத்திரிப் பாட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்பதைக்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. சுருதி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், தாளம் ஓடுகிறதா என்று பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

முதல் தடவை இதை ஸ்ரீரங்கத்தில்தான் பாடவேண்டும் என்று வேதவல்லி பிடிவாதமாகச் சொன்னார். டவுனில் நல்ல ஹால் இருக்கும்போது அங்கே எதற்கு என்று நான் முணுமுணுத்தேன். கடைசியில் மினி லாரியில் பியானோவை ஏற்றிக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனோம். பாலத்தில் டூவீலரில் வந்த ஒருவர் லாரியை ஒட்டியே வந்து, "இது என்னங்க, பீரோவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கியதில் பாதிச் சுருதி ஆற்றோடு போய்விட்டது. அன்று பகல் முழுவதும் நான் எரிச்சலில் இருந்தேன். எரிச்சலில் இருக்கும் பியானோக்காரரை மேடையில் உட்காரவைப்பது ஆபத்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கல்யாண மண்டபம். நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வேதவல்லியின் மாமியார், நாத்தனார், மைத்துனர், தெருவே வந்திருந்தது. பாட்டு அபாரமாகப் போயிற்று. வெண்ணெய்க்குப் பேர் போனவர் என்ற இடத்தில் மாமியாரே சிரித்துவிட்டார். நர்ஸ் வந்தாள். மண்டபம் அடங்கியது. நான் கையை எடுத்தேன்.

வேதவல்லி நின்றார். மூச்சு வாங்கவில்லை. வழக்கமான நேரம் கடந்தது. வலது கை முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு மாமி பக்கத்தில் இருந்தவரிடம், "மறந்துட்டா போல இருக்கு," என்று சொன்னது எனக்கே கேட்டது. அந்த நேரத்தில் வேதவல்லி திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குக் கணக்கு வாத்தியாரின் பார்வையாகத் தெரிந்தது. தெரிந்தது என்ன, தெரியவேண்டும் என்று இருந்தேன். கவுண்டர்க்காரர் குரலை வரவழைத்துக்கொண்டு, "கோபாலன்தானேம்மா? சீக்கிரம் சொல்லுங்கம்மா, க்யூ நிக்குது!" என்று போட்டேன் ஒரு போடு.

மண்டபம் இடிந்து விழுகிறமாதிரி சிரிப்பு. எழுந்து நின்று சிரித்தார்கள். வேதவல்லி ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். தலையை ஆட்டி, ஆமாம் ஆமாம் என்று கையைக் காட்டி, ‘கோபாலன்’ என்று பாடி முடித்தார். கை தட்டல் அடங்கவே இல்லை. அவர் என் பக்கம் கையை நீட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன், உடம்பெல்லாம் பூரிப்பு. இதை எழுதும்போது அந்தக் கும்பிடுதான் என்னை மிகவும் கூசவைக்கிறது.

வெளியே சார் மட்டும் ஒரு ஓரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நானே போய், "எப்படி சார், சமாளிச்சிட்டேன் பாத்தீங்களா?" என்றேன்.

"எதைங்க?"

"அவங்க மறந்துட்டாங்களே."

"மறந்துட்டாங்கன்னு அவங்க சொன்னாங்களா?" என்றார். அதற்குள் யாரோ வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன். சார் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொறாமை என்று நினைத்தேன். பாட்டு எழுதியவரைவிட எனக்கு அதிகம் கை தட்டல் விழுந்துவிட்டதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல் என்று உண்மையாகவே நினைத்தேன். அப்படி நினைத்த மனசை இப்போது எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்தது கைலாசபுரத்தில், டவுன்ஷிப் கிளப்பில். என் சொந்த ஊர், அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள் எல்லாம் வருவார்கள். கிளப் செகரட்டரி முன்கூட்டியே போன் செய்து, "மேடம், அந்த க்யூ நிக்குது ஜோக் உண்டுல்ல? அதுக்குத்தான் எல்லாரும் வராங்க," என்றார். நான் வேதவல்லியிடம் கேட்டேன்.

"வெச்சுக்கலாமா வேதா? ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"உங்க இஷ்டம் மிஸ்."

அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பாடுகிறவர்கள் மேடைக்குப் போகுமுன் நம்மிடம் சண்டை போடமாட்டார்கள். போடமுடியாது. மேடையில் அவர்கள் பிழைப்பு நம் பத்து விரலில் இருக்கிறது, நம்மை முறைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது? அதனால் உங்கள் இஷ்டம் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் நீங்கள் சந்தோஷப்படாதீர்கள். உட்கார்ந்து, உங்களுக்கு என்ன இஷ்டம் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

டவுன்ஷிப்பில் அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாக விழுந்தது. பிறகு ஒரு பெண்கள் கல்லூரி, ஒரு ரோட்டரி விருந்து, ஒரு அறுபதாம் கல்யாணம்கூட. ஒவ்வொரு தடவையும் நான் குரலைக் கொஞ்சம் ஏற்றினேன், முகத்தைக் கோணிக்கொண்டேன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டேன். வேதவல்லி அந்த இடத்தில் நிற்பதையே விட்டுவிட்டார். நர்ஸ் வரி முடிந்ததும் என் பக்கம் திரும்பித் தயாராக இருப்பார், நான் சொல்வதற்காக. சரணத்தின் கனம் போய்விட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காது கெட்டுப்போகவில்லையே. ஆனால் கை தட்டல் வந்துகொண்டிருந்தது, நானும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில் வேதவல்லி போன் செய்து, இனிமேல் தான் பாடுவதாக இல்லை என்றார். தொண்டையா, உடம்பா, வீட்டில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். எனக்குக் கோபம். அடுத்த மாதம் இரண்டு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, சித்திரை வீதிக்கு நடக்கும்போதே என்ன பேசவேண்டும் என்று பழகிக்கொண்டு போனேன். இவ்வளவு பேர் ரசிக்கிற ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது பொறுப்பில்லாத்தனம் என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். வேதவல்லி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் என் பேச்சை ஆரம்பித்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்.

"முதல் நாள் நான் மறக்கலை மிஸ்."

எனக்குப் புரியவில்லை. "எந்த முதல் நாள்?"

"இங்க மண்டபத்துல பாடினோமே, அன்னிக்கு. நான் கோபாலன்னு சொல்றதா இல்லை. எங்காத்துக்காரர் பேரைச் சொல்றதா இருந்தேன். அதுக்குத்தான் அந்தப் பாட்டையே கேட்டு வாங்கினேன்."

அவர் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

"அவர் ஐ.சி.யூ.ல இருந்தப்போ நர்ஸ் வந்து சொன்னா. பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, பேஷண்டுக்குத் தன் பேர் காதுல விழும்னா. நான் கிட்டக்க போய் நின்னேன். ‘ஏன்னா, ஏன்னா’ன்னு கூப்பிட்டேன். அப்படித்தானே எப்பவும் கூப்பிடுவேன். அது இல்லைம்மா, பேரைச் சொல்லுங்கன்னா. வரலை மிஸ். மாமியார் பக்கத்துல நிக்கறா. அவாளும் ‘சொல்லுடீ, பரவாயில்லை, சொல்லு’ங்கறா. அப்பவும் வாய் வரலை. அந்த நர்ஸே கடைசியில சத்தமா அவர் பேரைக் கூப்பிட்டா. அன்னிக்கு சாயங்காலம் பெருமாள் திருவடிக்குப் போயிட்டார்."

தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். அவர் அந்தச் சத்தம் போகிறவரை பொறுத்திருந்தார்.

"நான் கூப்பிட்டிருந்தா எழுந்துண்டிருப்பார்னு சொல்லலை. டாக்டர் எல்லாம் சொல்லிட்டார். ஆனா கடைசியா அவர் பேரைக் கூப்பிட்டது யாரோ ஒரு பொண்ணு. அது என்னை உறுத்திண்டே இருந்தது. எல்லாரும் இருக்கற எடத்துல, மாமியார் முன்னாடி, ஒரு தடவை நானே சத்தமாச் சொல்லிடணும்னு இருந்தேன். தனியா ரூம்ல சொன்னா அது சொன்னதாகாது, தெரியறதா? பாட்டுக்குள்ள வந்தா சொல்லிடலாம்னு தோணித்து. அன்னிக்கு நின்னேனே, பேர் தொண்டை வரைக்கும் வந்துடுத்து."

"என்னைப் பாத்தீங்களே வேதா," என்றேன். "நீங்க திரும்பி என்னைப் பாத்தீங்க. நான் வார்த்தை கேக்குறீங்கன்னு..."

"அங்க இருந்த எல்லாருக்கும் அவரைத் தெரியும் மிஸ். அவா மூஞ்சியைப் பாத்தா எனக்கு வராது. உங்களுக்கு மட்டும்தான் அவர் பேர்கூடத் தெரியாது. அதான் உங்களைப் பாத்துச் சொல்லிடலாம்னு திரும்பினேன்."

அவர் குற்றம் சாட்டுகிறமாதிரி சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதிலுக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். அவருடைய வீட்டில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, பொறுப்பைப் பற்றி வேறு பேசியிருக்கிறேன். அந்த மண்டபத்தில் நான் கும்பிட்டது, டவுன்ஷிப்பில் கண்ணாடியை இறக்கிக்கொண்டது, அறுபதாம் கல்யாணத்தில் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர்கள் கேட்டபோது நான் திரும்பச் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டிலருகே போய் நின்று இந்தப் பெண்ணைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

"ஏன் வேதா அன்னிக்கே சொல்லலை?"

"நானும் சிரிச்சுட்டேனே. சிரிச்சப்புறம் என்னன்னு சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்றார், அது சும்மா சொல்கிற பரவாயில்லை. அப்போதும் என் புத்தி போகவில்லை பாருங்கள், உடனே சரிசெய்துவிடவேண்டும் என்ற அவசரம். திரும்ப ஒரு தடவை ஸ்ரீரங்கத்திலேயே ஏற்பாடு செய்யலாம், அதே மண்டபம், அதே ஆட்கள், நான் வாயையே திறக்கமாட்டேன், வேண்டுமானால் வேறு யாராவது வாசிக்கட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

பிள்ளைகளே, உங்கள் டிசம்பர் நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் பாட வேதவல்லி அனுமதி கொடுத்துவிட்டார். நான் கேட்டுவிட்டேன். தாராளமாகப் பாடச் சொன்னார். ஆனால் அந்த இடத்தில் பியானோவிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது, வாயிலிருந்தும் வரக்கூடாது. பாடும் பெண் உண்மையாகவே மறந்துபோய் நின்றால்? நிற்கட்டும். மறந்தாளா, மறக்கவில்லையா என்பது நமக்கு எப்படித் தெரியும்? சபை முணுமுணுக்கும், உங்கள் கை பரபரக்கும், கேவலமாகப் போய்விடுமே என்று இருக்கும். கேவலமாகவே போகட்டும். ஒரு பாட்டு கேவலமாகப் போனால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். நான் செய்தது அப்படிச் சரிசெய்யக்கூடியது இல்லை, அதை அன்று காலை அந்த வீட்டில் தெரிந்துகொண்டேன்.

ஏனென்றால் நான் மண்டபம், தேதி என்று பேசிக்கொண்டே இருந்தபோது வேதவல்லி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம் மிஸ். அது ஆயிடுத்து."

"என்ன ஆச்சு?"

"போன வாரம் சிலிண்டர் வரலைன்னு கேஸ் ஏஜென்சிக்குப் போன் பண்ணினேன். யார் பேர்ல கனெக்‌ஷன்னு கேட்டா ஒரு பொண்ணு. அடுப்புல பால் பொங்கிண்டிருந்தது, அந்த அவசரத்துல ‘சௌந்தரராஜன்’னுட்டேன். சொல்லி, போனை வெச்சு, பாலை இறக்கினப்புறம்தான் தெரிஞ்சுது, நான் சொல்லிட்டேன்னு."

சௌந்தரராஜன் என்று அவர் சொன்னதில் ஒரு தயக்கமும் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பெயரை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். முன்வரிசையில் அவருடைய மாமியார் உட்கார்ந்திருக்க, தெருவே நிறைந்திருந்த அந்த மண்டபத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டிருக்கவேண்டிய பெயர் அது.